‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’ என்று நோட்டீஸ் அடிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் மாவட்டத்தில் கபடிப் போட்டி நடத்தும் விழாக் குழுவினருக்கும், நடுவர்களை அனுப்பிவைக்கும் அமைப்பின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் போட்டிகளுக்கு நோட்டீஸ் அடிக்கும் நேரம் வந்துவிட்டது. முதல் பரிசு எவ்வளவு, சுழற்கோப்பை யார் உபயம், நுழைவுக் கட்டணம் என்ன, எத்தனை கிலோ எடைப் பிரிவு என்பதெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது.’ தேவனாம்பட்டினத்திலிருந்து திட்டக்குடி வரைக்கும் இந்த வரியைத்தான் பார்க்கிறோம். அதை எடுத்துவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அது இருந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் விடியும்வரை ஒரே ரெய்டைப் (எதிரணிக் களத்துக்குள் பாடிப்போவதை) பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். ஆனால் அந்தத் தீர்ப்பைச் சொல்லப்போகிறவர் எங்கே நிற்பார், எந்த விதியை வைத்துச் சொல்வார், எத்தனை மணி நேரமாகக் கால்கடுக்க நிற்பார், தவறினால் யாருக்குப் பதில் சொல்வார் என்பதற்கு நோட்டீஸிலும் இடமில்லை, களத்திலும் ஏற்பாடில்லை. இறுதித் தீர்ப்பு என்று எழுதிவிட்டால் அதற்கு முன்னால் இருக்கும் பொறுப்பெல்லாம் தீர்ந்துவிட்டதாக நினைக்கிறீர்கள்.

இந்த மடலை எழுதுகிறவர்களில் ஆடுகிறவர்கள், விசில் ஊதுகிறவர்கள், ஸ்கோர் எழுதுகிறவர்கள் மூன்று தரப்பும் உண்டு. எந்த ஊர் அணிக்கும் பரிந்து பேச வரவில்லை.

எல்லாத் தப்பையும் ‘அம்பயர் ஏமாத்திட்டான்’ என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுவதால்தான் ஒன்றும் திருந்துவதில்லை. கபடியில் நடுவர் பிழை மூன்று வகை. கை பட்டதா இல்லையா, கால் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று கண் ஏமாறுவது ஒன்று. விதி தெரியாமல், அல்லது பழைய விதியை நினைத்துக்கொண்டு பாயிண்ட் கொடுப்பது இன்னொன்று. மூன்றாவது, ஸ்கோர் மேசையில் கணக்குத் தப்புவது. கூட்டம் கொந்தளிப்பதெல்லாம் முதல் வகைக்கு. ஆட்டத்தைக் கவிழ்ப்பதில் மற்ற இரண்டும் அதற்குச் சளைத்தவை அல்ல. அவை நடந்தது மட்டும் யாருக்கும் தெரிவதில்லை.

கணக்குப் பிழையை முதலில் எடுத்துக்கொள்வோம், அதைத் தடுக்கப் பெரிய செலவில்லை. எதிரணியில் ஒருவர் அவுட் ஆனால் நம் அணியில் ஒருவர் உள்ளே வருவார். ரெய்டர் எதிரணிக் களத்தின் போனஸ் கோட்டைத் தாண்டி எடுக்கும் போனஸ் பாயிண்டுக்கு யாரும் உள்ளே வரக்கூடாது. எதிரணி விதியை மீறியதற்குக் கிடைக்கும் டெக்னிக்கல் பாயிண்டுக்கும், எதிரணி மொத்தத்தையும் அவுட் ஆக்கும் லோனாவுக்குக் கிடைக்கும் 2 பாயிண்டுக்கும் அப்படியே. வருகிறவரும் அவுட் ஆன வரிசைப்படிதான் வரவேண்டும். நல்ல ரெய்டரை முந்தி அனுப்ப முடியாது. இது எல்லோருக்கும் தெரிந்த விதிதான். ஆனால் ஒலிபெருக்கி அலற, மேளம் அடிக்க, ஒரே ஒரு தம்பி நோட்டில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போது என்ன நடக்கிறது? போனஸுக்கு விசில் ஊதியதும் வெளியே உட்கார்ந்திருந்தவர் எழுந்து உள்ளே ஓடிவிடுகிறார். 3 பேர் இருக்கவேண்டிய இடத்தில் 4 பேர் நிற்கிறார்கள்.

ஒரு ஆள் கூடுதல், அவ்வளவுதானே என்று விட முடியாது. 3 பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று ரெய்டரைப் பிடித்தால்தான் சூப்பர் டேக்கிள், ஒரு பாயிண்ட் கூடுதல். 4 பேராக நின்று பிடித்ததால் அந்த அணிக்கு வரவேண்டிய 2 பாயிண்ட் 1 ஆகிறது. 6 பேரோ அதற்கு மேலோ நின்றால்தான் ரெய்டருக்குப் போனஸ் உண்டு. 5 பேர் 6 ஆனால் இல்லாத போனஸ் முளைக்கிறது. எதிரணி போடவேண்டிய லோனா தள்ளிப்போகிறது. முதல் பாதியில் ஒருவர் தவறி உள்ளே வந்ததன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்த பத்து ரெய்டின் பாயிண்டுகளும் கோணலாகின்றன. கடைசியில் ஒரு பாயிண்டில் தோற்ற அணி கடைசி ரெய்டைப் பற்றித்தான் சண்டை போடும்.

விதிப்படி ஒரு ஆட்டத்துக்கு நடுவர் ஒருவர், அம்பயர் இருவர், ஸ்கோரர் ஒருவர், உதவி ஸ்கோரர் இருவர். மொத்தம் 6 பேர். நம் போட்டிகளில் முதலில் வெட்டப்படுவது உதவி ஸ்கோரர்கள்தான். ‘சும்மா உட்கார்ந்திருக்க ரெண்டு பேரா’ என்று கேட்கிறீர்கள். அவர்கள் சும்மா உட்காருவதில்லை. இரண்டு இறுதிக் கோட்டுக்கும் பின்னால் ஆளுக்கு ஒரு பக்கம் இருந்து, அவுட் ஆனவர்களின் பனியன் எண்ணை வரிசையாக எழுதுவதும், அதே வரிசையில் அவர்களை உட்காரவைப்பதும், யார் முதலில் உள்ளே போகவேண்டும் என்று சொல்வதும், பின்கோட்டைத் தாண்டிய கால்களைக் காட்டிக்கொடுப்பதும் அவர்கள் வேலை. இறுதிக் கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி அவுட் ஆனவர்கள் உட்காரக் கட்டம் போடுங்கள். உதவி ஸ்கோரர் கையில் ஒரு சிலேட்டு கொடுங்கள். ஒவ்வொரு ரெய்டு முடிந்ததும் களத்தில் நிற்பவர் எத்தனை பேர் என்று அவர் விரலால் காட்டட்டும், ஸ்கோரர் தலையசைத்த பிறகு அடுத்த ரெய்டர் கிளம்பட்டும். எதிரணி ரெய்டர் திரும்பியதும் 5 நொடிக்குள் நம் ரெய்டர் கிளம்பவேண்டும் என்பதால் இதை அந்த 5 நொடிக்குள் முடிக்கப் பழகவேண்டும். பழகினால் இரண்டு நொடி போதும். இடைவேளையில் இரண்டு கேப்டன்களும் ஸ்கோர் ஷீட்டைப் பார்த்துக் கையெழுத்திடட்டும். முடிந்தபிறகு வரும் பாதித் தகராறு அங்கேயே அடங்கிவிடும்.

அடுத்தது விதிப் பிழை. இது கிராமத்துப் போட்டியில் மட்டும் நடப்பதில்லை. 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி இறுதி ஆட்டம், இந்தியாவும் ஈரானும். 28–28 என்று சமநிலை. ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் நேரம் மிச்சம். பவன் செராவத் ரெய்டு போகிறார், லாபிக்குள், அதாவது தொடுதல் நடந்த பிறகே களமாகும் பக்கவாட்டுப் பட்டைக்குள், கால் வைத்துவிடுகிறார். அவரைத் துரத்திய ஈரான் ஆட்டக்காரர்களும் லாபிக்குள் போகிறார்கள். தொடாமல் லாபிக்குள் போன ரெய்டர் மட்டும் அவுட்டா, பின்னால் போன பிடிப்பவர்களும் அவுட்டா? பழைய விதி ஒன்று சொல்கிறது, புதிய விதி இன்னொன்று சொல்கிறது. தீர்ப்பு மாறி மாறி வந்தது. ஒரு அணி உட்கார, பிறகு அடுத்த அணி உட்கார, ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. கடைசியில் 33–29 என்று இந்தியாவுக்குத் தங்கம். யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். உலகத்தின் கண் முன்னால், அத்தனை கேமரா வைத்துக்கொண்டு, நடுவர்கள் தடுமாறியது கண் பார்வையால் அல்ல. எந்த விதி என்று முன்கூட்டியே எல்லோரும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளாததால்.

நம் போட்டிகளில் இது வாரத்துக்கு வாரம் நடக்கிறது. ஒரு ஊரில் இரண்டு வெற்று ரெய்டுக்குப் பிறகு வரும் மூன்றாவது ரெய்டு ‘டூ ஆர் டை’, பாயிண்ட் எடுக்காவிட்டால் ரெய்டர் அவுட்; அடுத்த ஊரில் அது இல்லை. ஒரு இடத்தில் சூப்பர் டேக்கிள் உண்டு, இன்னொரு இடத்தில் இல்லை. புதுச்சேரியின் பாகூர் பக்கத்திலிருந்து வரும் அணியிடம் அது இல்லையென்று பாதி ஆட்டத்தில்தான் சொல்கிறார்கள். கேட்டால் ‘டிவியில அப்படித்தான்’ என்று பதில். தொலைக்காட்சி லீக்குக்கு அதன் விதி, உங்கள் போட்டிக்கு உங்கள் விதி. எதை வைத்தாலும் சரி, ஒரே ஒரு தாளில் அச்சடித்து, பெயர் கொடுக்கும்போதே அணி மேலாளரிடம் கொடுங்கள். போனஸ் உண்டா, சூப்பர் டேக்கிள் உண்டா, மூன்றாவது வெற்று ரெய்டுக்கு என்ன, லாபி எப்போது களமாகும், பாதி எத்தனை நிமிடம், டைம் அவுட் எத்தனை, சமநிலையானால் என்ன செய்வது: ஏழெட்டு வரி. அதே தாளை வைத்து முதல் ஆட்டத்துக்கு அரை மணி முன்னால் அத்தனை நடுவர்களும் உட்கார்ந்து பேசவேண்டும். லாபியைப் பற்றி மட்டுமாவது பேசுங்கள். சண்டையில் பாதி அந்த ஒரு மீட்டர் அகலத்தில்தான் பிறக்கிறது.

கண் பிழைக்கு வருவோம். இதற்குத்தான் நடுவரை அடிக்கப் போகிறார்கள், ஆனால் இதில்தான் போட்டி நடத்துகிறவர்களின் பங்கு அதிகம்.

களத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு 13க்கு 10 மீட்டர், லாபி உட்பட. கயிறு பிடித்துக் கோடு போடுகிறீர்கள், மூலைமட்டம் பார்ப்பதில்லை. கோணல் களத்தில் ஒரு பக்கம் போனஸ் கோடு கிட்டே வரும், மறுபக்கம் தள்ளிப்போகும். மூலைக்கு மூலை டேப் வைத்து அளந்தால் இரண்டு பக்கமும் 16.40 மீட்டர் வரவேண்டும். வராவிட்டால் அழித்துவிட்டு மறுபடி போடவேண்டும். நடுக்கோட்டிலிருந்து, ரெய்டர் தாண்டவேண்டிய பால்க் கோடு 3.75 மீட்டர், அதிலிருந்து போனஸ் கோடு 1 மீட்டர், அதற்குப் பின்னால் இறுதிக் கோடு வரை 1.75 மீட்டர். மண் களத்தில் சுண்ணாம்புக் கோடு மூன்றாவது ஆட்டத்துக்குள் ஒரு சாண் அகலத்துக்குப் பரவிவிடுகிறது. விதியில் கோட்டின் அகலம் 3 முதல் 5 செ.மீ. தான். பரவிய கோட்டில் கால் பட்டதா தாண்டியதா என்று எந்த மனிதக் கண்ணாலும் சொல்ல முடியாது. ஆட்டக்காரரோ உள்ளங்காலைத் தூக்கிக் காட்டுகிறார், சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது, ஒட்டவில்லை என்று. அது எந்தக் கோட்டுச் சுண்ணாம்போ. இரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை கோட்டைக் கூட்டிவிட்டு, கயிறு கட்டி மறுபடி போட ஓர் ஆளை நிறுத்துங்கள்.

போனஸ் எடுக்கும் அந்த ஒரு கணத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அம்பயரின் சிரமம் புரியும். முன்கால் போனஸ் கோட்டை முழுதாகத் தாண்டித் தரையில் படவேண்டும். அதே நேரத்தில் பின்கால் அந்தரத்தில் இருக்கவேண்டும். பின்காலின் பெருவிரல் நுனி மண்ணை உரசிக்கொண்டிருந்தால் போனஸ் இல்லை. முன்காலையும் பின்கால் விரலையும் ஒரே பார்வையில் பிடிக்க, போனஸ் கோட்டுக்கு நேர்கோட்டில், பக்கக் கோட்டுக்கு வெளியே நிற்கவேண்டும். நடுக்கோட்டருகே நின்றுகொண்டு பார்த்தால் முன்கால் கோட்டுக்கு அப்பால் இருப்பதாகவே எப்போதும் தோன்றும். அம்பயர் ரெய்டரோடு கூடவே நகரவேண்டும். எங்கே நகர்வது? பக்கக் கோட்டை ஒட்டிப் பிள்ளைகளை உட்காரவைத்திருக்கிறீர்கள். அவர்களுக்குப் பின்னால் பெரியவர்கள் நிற்கிறார்கள். கோட்டிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளிக் கயிறு கட்டுங்கள். மின்னொளிப் போட்டி என்றால் விளக்குகளை ஒரே பக்கமாகக் கட்டாதீர்கள். நான்கு மூலையிலும் உயரமாகக் கட்டினால் நிழல் உடையும். ஒரே பக்கத்து விளக்கில் மறுபக்க அம்பயருக்குத் தெரிவது உடம்புகளின் நிழல் மட்டும், கண்ணில் குத்தும் வெளிச்சம் வேறு.

அப்புறம் விசில். எல்லாக் கண் பிழையிலும் திருத்த முடியாதது சீக்கிரம் ஊதிவிடுவது. ரெய்டரை நான்கு பேர் அமுக்கியிருக்கிறார்கள், கை மட்டும் நடுக்கோட்டை நோக்கி நீள்கிறது. அந்த நேரத்தில் ஊதினால் பிடித்தவர்கள் விட்டுவிடுவார்கள், கை கோட்டைத் தொட்டுவிடும், இரண்டு பக்கமும் நியாயம் பேசும். அசைவு நின்றதை உறுதி செய்துகொண்டு ஊதவேண்டும். ஆனால் கழுத்தைப் பிடிப்பது, வாயைப் பொத்துவது, இரண்டு காலால் கத்தரி போடுவது என்றால் ஒரு நொடியும் காத்திருக்கக்கூடாது. இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்ளப் பயிற்சிதான் வழி, அதை வருடம் ஒருநாள் முகாமில் நாற்காலியில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்க முடியாது.

நேரக் கணக்கையும் பாருங்கள். 32 அணி, நாக் அவுட் என்றால் 31 ஆட்டம். விதிப்படி 20 நிமிடம், 5 நிமிட இடைவேளை, மறுபடி 20 என்று போனால் ஒரே களத்தில் 23 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் பத்துப் பத்து நிமிடமாகக் குறைக்கிறீர்கள், சரி. இடைவேளையோடு ஆட்டத்துக்கு 25 நிமிடம் வைத்தாலும் ஏறக்குறைய 13 மணி நேரம். மாலை 6 மணிக்கு ரிப்பன் வெட்டினால் இறுதி ஆட்டம் முடிய மறுநாள் காலை 7 ஆகும். முதல் ஆட்டத்துக்கு ஊதியவரே இறுதிக்கும் ஊதுகிறார். டீயைக் குடித்துக் குடித்துக் கண் சிவந்து நிற்கிற மனிதரிடம்தான் பெரிய பரிசின் முடிவை ஒப்படைக்கிறீர்கள். இரண்டு குழு வையுங்கள், மூன்று ஆட்டத்துக்கு ஒருமுறை மாறட்டும். அரையிறுதிக்கு முன்னால் இறுதிக் குழுவுக்கு இரண்டு மணி நேரமாவது ஓய்வு கொடுங்கள். ஆளுயரக் கோப்பையில் ஓர் அடியைக் குறைத்தால் இந்தச் செலவு வந்துவிடும்.

கேமரா வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கலாம், ஆனால் மேடையிலிருந்து யூடியூபுக்கு எடுக்கும் படத்தை வைத்துத் தீர்ப்பைத் திருத்தாதீர்கள். கோட்டின் விவகாரத்தைக் கோட்டுக்கு நேராக இருக்கும் கேமராவால்தான் சொல்ல முடியும். மூன்று ஃபோன் போதும்: நடுக்கோட்டுக்கு நேராக ஒன்று, இரு பக்கத்துப் போனஸ் கோட்டுக்கும் நேராக ஒவ்வொன்று, இடுப்புயர ஸ்டாண்டில். நொடிக்கு 60 படம் வைத்து எடுக்கவேண்டும். வேகமாக வீசும் கால் நொடிக்கு 6 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், 30 படத்தில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 20 செ.மீ. காணாமல் போகிறது, 60இல் 10 செ.மீ. அப்போதும் சந்தேகம் மிஞ்சும். மிஞ்சினால் களத்தில் சொன்னதே நிற்கவேண்டும். பார்ப்பவர் இரண்டு ஊருக்கும் சம்பந்தமில்லாதவராக இருக்கட்டும், ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளக்கூடாது. அணிக்கு ஒரு முறையீடு. தவறானால் ஒரு டைம் அவுட் போய்விடவேண்டும். விலை இல்லாவிட்டால் மூச்சு வாங்குவதற்காகவே முறையிடுவார்கள்.

இந்த விலை வைக்கும் யோசனை நம் ஆட்டத்திலிருந்து வந்ததில்லை. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில், பனித்தரையில் ஆடும் ஹாக்கியில், பயிற்சியாளர் மேல்முறையீடு செய்து தோற்றால் அவருடைய அணி 2 நிமிடம் ஓர் ஆள் குறைவாக ஆடவேண்டும். வெயிலில் வேகும் கடலூருக்கும் பனி ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்கலாம். ஆனால் நடுவர் தப்பை ஒரு அமைப்பு எப்படி எதிர்கொள்வது என்பதற்கு அங்கே இரண்டு பாடம் இருக்கிறது.

2019 ஏப்ரலில் சான் ஹோசே அணிக்கும் வேகாஸ் அணிக்கும் முதல் சுற்றின் ஏழாவது, கடைசி ஆட்டம். வேகாஸ் 3–0 என்று முன்னிலை. ஒரு மோதலில் சான் ஹோசே கேப்டன் விழுந்து ரத்தம் கொட்டியது. நடந்தபோது கை தூக்காத நடுவர்கள், பிறகு கூடிப் பேசி, வேகாஸ் வீரருக்கு 5 நிமிடப் பெரிய தண்டனை கொடுத்தார்கள்; அவ்வளவு நேரமும் வேகாஸ் ஓர் ஆள் குறைவாக ஆடவேண்டும். அந்த 5 நிமிடத்தில் சான் ஹோசே 4 கோல் போட்டது, கூடுதல் நேரத்தில் 5–4 என்று வென்றது. முடிவு மாறவில்லை, நடுவர் தீர்ப்பு இறுதியானதுதான். ஆனால் லீக், தோற்ற அணியிடம் மன்னிப்புக் கேட்டது. அந்த இரு நடுவர்களுக்கும் அடுத்த சுற்று கொடுக்கவில்லை. அடுத்த சீசனிலேயே இப்படிப்பட்ட பெரிய தண்டனைகளைத் திரையில் பார்த்து உறுதிசெய்யவேண்டும் என்று விதியைத் திருத்தியது. தீர்ப்பை மாற்றாமலே பொறுப்பேற்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, 2021 மார்ச்சில் டிம் பீல் என்ற மூத்த நடுவர். மைக் அணைக்காததால், நாஷ்வில் அணிக்கு ஆரம்பத்திலேயே ஒரு தண்டனை கொடுக்கத் தாமே நினைத்ததாக அவர் சொன்னது ஒளிபரப்பில் வந்துவிட்டது. அடுத்த மாதம் ஓய்வு பெற இருந்தவரை லீக் அதற்குள் வெளியேற்றியது. அவர் கண் ஏமாறவில்லை என்பதைக் கவனியுங்கள். குற்றத்தைப் பார்த்து ஊதாமல், கணக்கைப் பார்த்து ஊதினார். நம் ஊரில் இதற்கு ‘ஈடுகட்டி விடுவது’ என்று பெயர். அந்தப் பக்கம் ஒரு பாயிண்ட் தப்பாகப் போய்விட்டது, இந்தப் பக்கம் ஒன்று தள்ளிவிடு, கூட்டம் அடங்கிவிடும் என்று விழாக் குழுவே காதில் சொல்கிறது. ஒரு தப்பு இரண்டு தப்பாக ஆவதுதான் மிச்சம்; இரண்டாவது வேண்டுமென்றே செய்தது. கண் பிழைக்கு மன்னிப்பு உண்டு, இதற்கு இருக்கக்கூடாது. அடுத்த போட்டிகளுக்கு அவரை அழைக்காதீர்கள். அப்படிச் செய்யச் சொன்னவரையும் மேடையில் ஏற்றாதீர்கள்.

பொறுப்பு என்று நாங்கள் கேட்பது நடுவரைப் பொதுவில் நிறுத்தி அவமானப்படுத்துவதை அல்ல. ஸ்கோர் ஷீட்டில் அந்த ஆட்டத்தின் 6 அலுவலர்களின் பெயரும் இருக்கட்டும். புகார் இருந்தால் ஆட்டம் முடிந்த அரை மணிக்குள் கேப்டன் எழுத்தில் கொடுக்கட்டும். புகாரோடு வாங்கும் முன்பணத்தை, அது நியாயமாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். கணக்குப் பிழையும் விதிப் பிழையும் தாளில் நிரூபணமானால் அடுத்த சுற்றுக்கு முன் திருத்துங்கள். கண் பிழை என்றால் முடிவைத் தொடாதீர்கள், ஆனால் ‘தவறிவிட்டது’ என்று ஒலிபெருக்கியில் ஒரு வரி சொல்லுங்கள். ஆட்டக்காரர்களுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரியது என்று மேடையில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. மாவட்ட அமைப்பு இந்தத் தாள்களைச் சேர்த்து வைத்தால், எந்த நடுவருக்கு எதில் பயிற்சி வேண்டும் என்று ஆறு மாதத்தில் தெரிந்துவிடும்.

உள்ளூர் அணி ஆடும்போது உள்ளூர்க்காரர் விசில் ஊதக்கூடாது. நடுவரோடு பேசும் உரிமை கேப்டனுக்கு மட்டும். மற்றவர் வந்தால் பச்சை அட்டை, மறுபடி வந்தால் மஞ்சள், 2 நிமிடம் வெளியே. விழாக் குழுத் தலைவரின் மகனுக்கும் அதே அட்டைதான். நடுவர்களின் படிப்பணத்தை முதல் ஆட்டத்துக்கு முன்பே கையில் கொடுத்துவிடுங்கள். இறுதி ஆட்டம் முடிந்து, உள்ளூர் அணி தோற்ற பிறகு, ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று இழுத்தடிக்கும் பணம் அடுத்த போட்டியில் அவர் எப்படி ஊதுவார் என்பதையும் தீர்மானிக்கிறது.

மார்கழியில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலூரிலோ பண்ருட்டியிலோ ஒரு களம் கொடுங்கள். கோடு போடுவது, உதவி ஸ்கோரர் சிலேட்டு, ஃபோன் ஸ்டாண்டு வைக்கும் இடம் மூன்றையும் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறோம். 30 மீட்டர் டேப்பும் கயிறும் எங்களிடம் இருக்கின்றன. ஸ்கோர் ஷீட் மாதிரியும் நாங்களே அச்சடித்துக் கொண்டுவருகிறோம். ஊருக்கு இரண்டு பேரையாவது அனுப்புங்கள், ஆட்டம் தெரியாதவர்களாக இருந்தாலும் பரவாயில்லை, எண்ணத் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
கடலூர் வட்டாரக் கபடி ஆட்டக்காரர்கள், நடுவர்கள், ஸ்கோரர்கள் சிலர்